கணவாய்க் குஞ்சுக்கு எதிரி தும்பிலி மீன் மட்டுமா?

மீன்பிடிக் கூட்டிலும் வலைக்கயிற்றிலும் திராட்சைக்குலை போல ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளை முட்டைகளைக் குப்பை என்று கரையில் உதறிவிட வேண்டாம். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும், உடலுக்குள் ஓடுள்ள ஓட்டுக் கணவாய் என்ற கடலுயிரின் முட்டைகள் அவை. 28 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ 2 வாரத்தில் பொரியும். வெளியே வரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நீரோட்டத்தோடு மிதந்து திரியும் பருவம் அதற்குக் கிடையாது. பொரிந்த நாள் முதலே தரையை ஒட்டித்தான் பிழைப்பு.

எதிரிகளும் அங்கேயே இருக்கின்றன. மணலில் அசையாமல் கிடக்கும் தும்பிலி, கல்லிடுக்கில் பதுங்கும் கலவா மீன், இருட்டில் மோப்பம் பிடித்து வரும் பாம்பு போன்ற அஞ்சாலை மீன், நண்டு. இரை குறைந்தால் பெரிய கணவாயே தன் இனக் குஞ்சைத் தின்றுவிடும்.

குஞ்சின் தற்காப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நீர்க்குழலால் மணலை ஊதிப் பள்ளம் பறித்து, ஓரத்துடுப்பால் முதுகின்மேல் மணலை வாரிப் போட்டுக்கொள்ளும். கண் மட்டும் வெளியே தெரியும். எல்லா எதிரியிடமும் ஒரே வித்தையைக் காட்டுவதும் இல்லை. ஐரோப்பிய இளங்கணவாய்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் நெருங்கியதும் அவை முதுகில் இரண்டு கரும்புள்ளிகளைக் கண்போலக் காட்டி மிரட்டின. மோப்பத்தால் வரும் நண்டிடமும் சிறு சுறாவிடமும் அதைக் காட்டாமல் நேரே ஓட்டம் பிடித்தன.

ஆனால் புதைய மணலும் ஒளியக் கடற்புல்லும் இருந்தால்தான் இந்த வித்தைகள் முழுதாகக் கைகொடுக்கும். படகு கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை அரித்துப்போட்ட தரையில் புல் இருக்காது. கிளம்பும் சேறு முட்டைமேல் படிந்தால் உள்ளே கரு மூச்சுமுட்டிச் சாகும். தும்பிலியையும் கலவாவையும் பிடித்து ஒழித்தால் கணவாய் பெருகும் என்ற பேச்சு தவறு. அவை என்றைக்கும் அங்கே இருந்தவைதான், குறைந்துபோனது மறைவிடம்.

முட்டை ஒட்டிய கூட்டைத் தூக்கினால் குலையைப் பிய்க்காதீர்கள். தோல் கிழிந்தால் கரு தங்காது. ஒட்டியிருக்கும் கயிற்றோடு சேர்த்து அறுத்து, கடல்நீர் நிரப்பிய வாளியில் வெயில் படாமல் வையுங்கள். நல்ல தண்ணீர் கலக்கவே கூடாது. அந்தப் பயணத்திலேயே புல் உள்ள இடமாகப் பார்த்து, கல்லும் மிதவையும் கட்டி, குலை சேற்றில் படாதபடி தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். கலவா குடியிருக்கும் கற்குவியல் பக்கம் மட்டும் போட வேண்டாம். பொரிகிற குஞ்சு நேரே அதன் வாய்க்குத்தான் போகும்.