பல் வேரின் கடைமடை

பல் மருத்துவர்களிடம் ‘டெல்டா’ என்றொரு சொல் உண்டு. பல் வேரின் உள்ளே போகும் குழாய் சில பற்களில் நுனியில் பல கிளைகளாகப் பிரிந்துவிடும். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, மேலும் ஆறுகளாக, வாய்க்கால்களாக, அதிலும் சிறிய கண்ணிகளாகப் பிரிந்துதான் எங்கள் வயலுக்கு வருகிறது. ஆற்றில் தண்ணீர் புரண்டாலும் கண்ணிக்கு வந்து சேருமா என்பதே கடைமடையின் கவலை.

வேர் சிகிச்சையிலும் (ரூட் கேனால்) கவலை அதுதான். அங்கே லேசர் எப்படிக் கைகொடுக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள கூழ் அழுகிவிட்டால், மெல்லிய அரங்களால் அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆனால் குழாய் வட்டமாக இருப்பதில்லை. தட்டையாகவும் வளைந்தும் மூலை முடுக்குகளோடும் இருக்கும். சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரம் படாமலே போகக்கூடும். போதாக்குறைக்கு, சுரண்டிய தூள், பல்சுவரிலுள்ள நுண்குழல்களின் வாயை அடைத்துக்கொள்கிறது. தூர்வாரிய மண்ணைக் கண்ணி வாயிலேயே கொட்டுவது போன்றது இது.

அந்த நுண்குழல்கள்தான் கிருமிகளின் ஒளிவிடம். பல்லின் உட்சுவர் முழுக்க அவை நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 1 முதல் 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய 1 மைக்ரான்தான். சிகிச்சை முடிந்தும் மறுபடி சீழ் வைக்கும் பற்களில் அடிக்கடி அகப்படுவது இது. கிருமியைக் கொல்லக் குழாயில் விடும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடருக்கு நெருங்கிய உறவு. நல்ல மருந்து, ஆனால் போய்ச் சேர வேண்டுமே! குழாயின் நுனியில் காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டால் திரவம் அங்கேயே நின்றுவிடும்.

லேசர் உதவுவது இந்த இடத்தில்தான். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம் யாக் என்ற வகை லேசரின் ஒளி பல்சுவரை ஊடுருவி, மருந்து எட்டாத ஆழத்திலுள்ள கிருமியையும் சூட்டால் தாக்குகிறது. தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த கண்ணாடி இழையை நுனிவரை இறக்கி, சுழற்றியபடியே மேலே இழுப்பார்கள். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. வேரின் வெளிப்புறம் இயல்பைவிட 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் சுற்றியுள்ள எலும்பு கெட்டுவிடலாம்.

என்னை வியக்க வைத்தது எர்பியம் யாக் லேசர். அதன் 2940 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் அப்படியே குடித்துவிடும். அதன் முனையைக் குழாய்க்குள் ஆழமாக இறக்காமல், பல்லின் மேல் அறையில், மருந்துத் திரவத்துக்குள் வைத்து இயக்கும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஆவிக்குமிழ் நொடியில் பொங்கி உடைகிறது. அந்த அதிர்வு திரவத்தைக் கிளைகளுக்குள் விரட்டுகிறது, அடைத்திருந்த தூளையும் அலசுகிறது. தலைமடையில் நின்றுகொண்டே கடைமடைக்குத் தண்ணீர் தள்ளும் வித்தை!

இருந்தாலும் கிருமியைக் கொல்லும் முதன்மை வேலை இன்னும் மருந்துக்குத்தான். அரமும் மருந்தும் வேண்டாம், லேசர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒற்றை நேர் வேருள்ள முன்பல்லுக்கு வழக்கமான சிகிச்சையே பெரும்பாலும் போதும். வேர் வளைந்த கடைவாய்ப்பல்லிலோ, ஒருமுறை சிகிச்சை செய்தும் மறுபடி வீங்கிய பல்லிலோதான், லேசரும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் நான் கேட்பேன்.