மூலநிரல் உங்களிடம், சாவி அவர்களிடம்

"வெப்பநிலை 80 பாகையைத் தாண்டினால் விசிறியைச் சுழலவிடு" என்று ஒரு நிரலாளர் ஒரு வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே, '80 உத்தேசம்தான், சோதித்துவிட்டு மாற்றலாம்' என்று ஒரு குறிப்பும் எழுதுகிறார். இது மூலநிரல். இன்டெல் வகைச் செயலிக்காக கம்பைலர் என்ற மென்பொருள் இதை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மொழிபெயர்க்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இடம் 131, 248, 80 என்ற மூன்று எண்களாகச் சுருங்கிவிடலாம். 80 மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அது வெப்பநிலையா, வயதா, மதிப்பெண்ணா என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. குறிப்பு போன இடமே தெரியாது.

மூலநிரலைக் காட்டாத மூடிய மென்பொருளாக நம்மிடம் வந்து சேர்வது இந்த எண்கள்தான். பின்னோக்கிப் போய் அர்த்தம் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இலட்சக்கணக்கான கட்டளைகளுக்கு நடுவே அது பொறுமையைத் தின்னும் வேலை. ஃபோக்ஸ்வாகன் விவகாரம் 2015இல் வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? ஸ்டீயரிங்கின் நிலை, வேகம் போன்றவற்றைக் கவனித்து, 'இப்போது புகைச் சோதனை நடக்கிறது' என்று டீசல் கார்களின் மென்பொருள் ஊகித்துக்கொண்டது. சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை வரம்பு மீறிக் கக்கியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் வண்டி என்ன செய்கிறது என்று பார்க்க வழியே இல்லை.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் படித்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்தபோது எழுப்பியது, தன் கருவி என்ன செய்கிறது என்று பார்க்கப் பயனருக்கு உரிமை வேண்டாமா என்ற இந்த அறக்கேள்வியைத்தான். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்துப் பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம்: இந்த நான்கும் பயனருக்கு இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். காசுக்கு விற்பதற்குத் தடையில்லை. 1989இல் வந்த குனு பொது உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தையே தலைகீழாகப் பயன்படுத்தியது. இதை எடுத்து மாற்றி விநியோகிக்கிறாயா, வாங்குபவருக்கு மூலநிரலையும் இதே உரிமைகளோடு கொடு என்றது. வெறும் காகித நிபந்தனை அல்ல. லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரவுட்டருக்குள், இதே உரிமத்தில் வெளியான லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருப்பது 2003இல் தெரியவந்து, மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அதன்மேல், ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் எழுந்தது.

பிறகு ஒரு சாமர்த்தியம் வந்தது. டிவோ என்ற வீடியோ பதிவுக்கருவி லினக்ஸில் ஓடியது. மூலநிரலையும் முறையாகக் கொடுத்தார்கள். ஆனால் அதை மாற்றி ஏற்றினால் கருவி இயங்க மறுத்தது. சூட்சுமம் டிஜிட்டல் கையொப்பத்தில் இருக்கிறது. மொத்த மென்பொருளையும் ஒரு கணக்கில் போட்டு, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாக்குகிறார்கள். உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தன் இரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அதைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச்சாவி, கருவியின் அழிக்க முடியாத நினைவகத்தில் பதிந்திருக்கிறது. நம் 80ஐ 75 ஆக்கினால் கையொப்பம் பொருந்தாது.

இந்தச் சாமர்த்தியத்துக்குப் பதிலடியாகத்தான் 2007இல் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் மாற்றிய மென்பொருளை நிறுவத் தேவையான தகவலையும் சேர்த்துக் கொடு என்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. வன்பொருளை எப்படிப் பூட்டுவது என்பது தயாரிப்பவர் பாடு என்பது அவர் வாதம். லினக்ஸ் கருநிரல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. என் சாய்வு ஸ்டால்மன் பக்கம்: இயக்கிப் பார்க்க முடியாத மூலநிரல் வாசிப்புப் பொருள் மட்டுமே.

கையொப்பச் சோதனை வைரஸ் போன்ற தீநிரல்களையும் தடுக்கிறது என்பது உண்மை. அதைத் தூக்கியெறியத் தேவையில்லை. கேட்க வேண்டியது, யாருடைய சாவி என்பதை. கணினிகள் பலவற்றில், இயங்கத் தொடங்கும்போது நடக்கும் இந்தச் சோதனைக்கு உரிமையாளர் தன் சொந்தச் சாவியைச் சேர்க்கலாம். பூட்டு அப்படியே இருக்கும், ஆனால் அவருக்காக வேலை செய்யும். கைப்பேசிகளில் சில தயாரிப்பாளர்கள் இதற்கு இடம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டும்போது, கணினியில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.