வானில் ஒட்டுக்கேட்கும் வேலை: கையெழுத்துப் போடும் முன் நம் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை

அமெரிக்க விமானப்படையில் ஒரு வேலை இருக்கிறது. உளவு விமானத்துக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேற்று நாட்டு ராணுவத்தின் வானொலிப் பேச்சைக் கேட்டு, அதன் சாரத்தை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதிகாரபூர்வப் பெயர் ஏர்போர்ன் கிரிப்டாலஜிக் லாங்குவேஜ் அனலிஸ்ட். பிள்ளைகள் சுருக்கமாக ஏர் லிங்க்விஸ்ட் என்கிறார்கள். கல்லூரிப் பட்டம் தேவையில்லை, மொழியையும் அவர்களே சம்பளம் கொடுத்துச் சொல்லித் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் பதினேழு வயதுக்காரர்களுக்குக் கண் விரிந்துவிடுகிறது.

நான் டெக்சாஸில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் மாணவர் ஆலோசகர். ராணுவத்தில் சேர விரும்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் என் அறைக்கு வருவது வழக்கம். இந்த வேலையைப் பற்றித் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மேடம், இவனுக்குத் தமிழ் நல்லா வரும். ஹிந்தி கொஞ்சம் தெரியும். ஸ்பானிஷ் நாலு வருஷம் படிச்சிருக்கான். இதெல்லாம் அங்க உதவும்தானே?”

உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நுழைவுத் தேர்வில் அதை யாரும் பார்ப்பதில்லை. ராணுவத்தில் சேரும் எல்லோரும் எழுதும் ஆஸ்வாப் தேர்வுக்கு அப்புறம், மொழிப் பணிக்கு என்று டிஎல்ஏபி என்ற தனித் தேர்வு உண்டு. ஏற்கெனவே தெரிந்த மொழி எதுவும் கைகொடுக்கக் கூடாது என்றே அமைத்த தேர்வு அது. எந்த நாட்டிலும் பேசாத, இட்டுக்கட்டிய ஒரு மொழிக்கு இலக்கண விதிகளைச் சொல்வார்கள். பெயரடை எங்கே வரும், வினை எப்படி முடியும் என்று ஒவ்வொரு விதியாகச் சேர்த்துக்கொண்டே போய், எல்லாம் கலந்த ஒரு வாக்கியத்தைக் காதில் போட்டு, சரியான விடை எது என்பார்கள். நான்கு சொற்களை ஒலிக்கவிட்டு எதில் அழுத்தம் வேறு இடத்தில் விழுகிறது என்று கேட்கும் பகுதியும் உண்டு. திரும்பப் போட்டுக் கேட்க முடியாது. பாதுகாப்புத் துறையின் அளவுகோலில் ஸ்பானிஷ் போன்றவற்றுக்கு 95, ரஷ்யன், பாரசீகம் போன்றவற்றுக்கு 105, அரபு, சீனம், கொரியன் போன்றவற்றுக்கு 110 மதிப்பெண் வேண்டும். தவறினால் மறுதேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

நான்கு மொழி பேசும் பிள்ளைகள் இதில் தடுமாறியதையும், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் கணக்குப் பிரியர்கள் நன்றாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். விதியை மனதில் தாங்கிக்கொண்டு காதைத் திறந்து வைக்கும் திறமைக்குத்தான் அங்கே மதிப்பெண்.

அடுத்த சங்கதி, எந்த மொழி என்பதைப் பிள்ளை முடிவு செய்வதில்லை. விருப்பம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கடைசியில் விமானப்படைக்கு எந்த மொழியில் ஆள் குறைகிறதோ அதுதான் கிடைக்கும். கொரிய நாடகம் பார்த்துக் கொரியன் மீது ஆசை வைத்தவர் பாரசீகம் படிப்பது சாதாரணம். தமிழோ? மொழி சொல்லித்தரும் ராணுவக் கல்லூரியின் வழக்கமான பாடப்பட்டியலில் அது இல்லை.

அந்தக் கல்லூரி கலிஃபோர்னியாவில் மான்டரே நகரில், பசிபிக் கடலோரத்தில் இருக்கும் டிஃபென்ஸ் லாங்குவேஜ் இன்ஸ்டிடியூட். அதன் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1941 நவம்பர் 1 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு மாதம் முன்பு, சான் ஃபிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்டிருந்த ஒரு விமானக் கொட்டகையில் ரகசியமாகத் தொடங்கியது. 4 ஆசிரியர்கள், 60 மாணவர்கள், கற்றது ஜப்பானியம். அந்த 60 பேரில் 58 பேர் ஜப்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள், அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். சில மாதங்களில் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களை அரசு முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பள்ளியும் அங்கே இருக்க முடியாமல் மின்னசோட்டாவுக்கு மாறியது. போர் முடிந்த பிறகு 1946-இல்தான் மான்டரேக்கு வந்தது. பெற்றோரைச் சந்தேகித்த அரசுக்குப் பிள்ளைகளின் காது மட்டும் தேவைப்பட்டது. குடியேறிய வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலையும் சேருமிடத்தில் இந்த நெருடல் தொடக்கத்திலிருந்தே உண்டு. இன்றைக்கு அது எந்த உருவில் வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மான்டரேயில் ஸ்பானிஷ் 36 வாரம், ரஷ்யன் 48 வாரம், அரபு, சீனம், கொரியன் 64 வாரம். தினமும் ஆறேழு மணி நேர வகுப்பு, அப்புறம் இரண்டு மூன்று மணி நேர வீட்டுப்பாடம், அதற்கு மேல் சீருடை, உடற்பயிற்சி, அறைச் சோதனை எல்லாம். பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கடைசியில் நடக்கும் தேர்வில், 0 முதல் 5 வரையுள்ள மொழித்திறன் அளவுகோலில், கேட்டலில் 2, வாசிப்பில் 2, பேச்சில் 1+ என்பது பல காலமாகக் குறைந்தபட்சத் தேவை. இப்போது அதற்கும் மேலே குறி வைக்கிறார்கள். 2 என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு சீனச் செய்தி அறிக்கையைக் காதால் கேட்டு நடந்ததைச் சரியாகச் சொல்லும் நிலை அது. தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறுவோர் உண்டு. வெளியேறினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்த காலம் அப்படியே இருக்கும், விமானப்படை வேறொரு வேலையில் போடும். எந்த வேலை என்பது பெரும்பாலும் அவர்கள் கையில்.

தேறினால், டெக்சாஸில் சான் ஏஞ்சலோவில் உள்ள குட்ஃபெல்லோ தளத்தில் உளவுப் பயிற்சி. விமானக் குழுவினர் என்பதால் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்ட் தளத்தில் காட்டிலும் நீரிலும் உயிர் பிழைக்கும் பயிற்சி. எதிரியிடம் சிக்கினால் எப்படி நடந்துகொள்வது என்பதும் அதில் அடக்கம். இதற்கெல்லாம் தனி மருத்துவப் பரிசோதனை உண்டு. சைனஸ், காது, ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா பற்றி மறைக்காமல் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பிறகு நெப்ராஸ்காவில் ஒமாஹா அருகிலுள்ள ஆஃபட் தளம். ஆர்சி-135 ரிவெட் ஜாயின்ட் உளவு விமானங்களின் வீடு அதுதான்.

விமானத்தின் சட்டகம் 1960-களில் கட்டப்பட்டது, உள்ளே இருக்கும் கருவிகள் புதியவை. முப்பது பேர் வரை ஏறுவார்கள். விமானிகளும் வழிகாட்டிகளும் ஐந்து பேர். மற்றவர்கள் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் திரைகளின் முன்னால். வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ள முடியும் என்பதால் பத்து மணி நேரத்தைத் தாண்டும் பயணங்கள் உண்டு. அதில் பெரும்பகுதி இரைச்சலும் ஒன்றுமில்லாத அமைதியும்தான். பிறகு திடீரென்று இரண்டு பேர் ஒரே நேரத்தில், ராணுவக் குறுக்குமொழியில், எண்களை அடுக்கிக்கொண்டு, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசுவார்கள். வகுப்பில் ஒலிபெருக்கியில் கேட்ட தெளிவான உச்சரிப்பு அங்கே கிடையாது. தரையில் இருக்கும் மொழியாளருக்குப் பதிவை நிறுத்தித் திரும்பக் கேட்க அவகாசம் உண்டு. வானில் இருப்பவர் கேட்ட மாத்திரத்தில் ‘இது எச்சரிக்கையா, வழக்கமான பேச்சா’ என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானம் அந்தச் சொல்லை நம்பி இருக்கலாம்.

கேட்டல் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் உதாரணம் உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானம் 007-ஐச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தார்கள். சோவியத் விமானியின் வானொலிப் பேச்சு ஜப்பானில் பதிவாகியிருந்தது. செப்டம்பர் 6 அன்று அமெரிக்கா அந்த ஒலிநாடாவை ஐ.நா. பாதுகாப்பு அவையில் போட்டுக் காட்டியது, உலகமே கேட்டது. ஐந்தே நாளில், செப்டம்பர் 11 அன்று, அமெரிக்க வெளியுறவுத் துறையே திருத்திய எழுத்துப்படியை வெளியிட்டது. ஏவுகணைக்கு முன்பு விமானி பீரங்கியால் சுட்டதாகச் சொல்லும் வரி முதல் படியில் இல்லை. எச்சரிக்கையாகச் சுட்டாரா இல்லையா என்று இரு நாடுகளும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஒரு வரியின் கனத்தை யோசித்துப் பாருங்கள். அது தரையில், நாள் கணக்கில் அவகாசம் இருந்தபோது நடந்தது.

ஆபத்து பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் “பிளேன்ல உட்கார்ந்து கேட்கிற வேலைதானே, சண்டை இல்லையே” என்று அம்மாக்கள் ஆறுதல் தேடுகிறார்கள். 1958 செப்டம்பர் 2 அன்று துருக்கியிலிருந்து கிளம்பி சோவியத் ஆர்மீனியாவுக்குள் போய்விட்ட ஒரு சி-130 உளவு விமானத்தை மிக்-17கள் சுட்டு வீழ்த்தின. இறந்த 17 பேரில் 11 பேர் ஒட்டுக்கேட்பவர்கள். 1969 ஏப்ரல் 15 அன்று வடகொரியா ஓர் இசி-121 உளவு விமானத்தை வீழ்த்தியதில் 31 பேர் இறந்தார்கள். பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2022 செப்டம்பர் 29 அன்று கருங்கடல் மேல், சர்வதேச வான்வெளியில் பறந்துகொண்டிருந்த பிரிட்டனின் ரிவெட் ஜாயின்ட் விமானத்துக்கு அருகே ரஷ்ய எஸ்யூ-27 ஒன்று ஏவுகணையைச் செலுத்தியது. தொழில்நுட்பக் கோளாறு என்று ரஷ்யா முதலில் சொன்னது. தரையிலிருந்து வந்த தெளிவற்ற சொற்களைச் சுட அனுமதி என்று ரஷ்ய விமானி எடுத்துக்கொண்டதாக மறு ஆண்டு பிபிசி செய்தி வெளியிட்டது. பிரிட்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: அதே வகை விமானம் மூன்று அங்கே வாடிங்டன் தளத்தில் இருக்கிறது, இதே வேலை அங்கும் உண்டு.

சரி, இப்போது குடியேறிய குடும்பங்களுக்கே உரிய விஷயம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்க ராணுவத்தில் சேரலாம், ஆனால் இந்த வேலைக்குக் குடியுரிமை கட்டாயம். டாப் சீக்ரெட் அனுமதி வேண்டும், அதற்கு எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் குடியிருந்த ஒவ்வொரு முகவரி, ஏழு ஆண்டுகளின் வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர்கள், அவர்களோடு எவ்வளவு தொடர்பு, எல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் வந்த பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும். தாத்தா பேரன் பெயரில் எழுதி வைத்த மனை, பாட்டி தொடங்கிக் கொடுத்த வங்கிக் கணக்கு ஆகியவையும் அதில் வர வேண்டும். “அது சும்மா பேருக்குத்தான், அதைப் போய் எழுதணுமா” என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். எழுத வேண்டும். ஊரில் மனை இருப்பதால் மட்டும் அனுமதி மறுக்கப்படுவதில்லை. மறைத்தது தெரிந்தால் வேலை போகும். தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. ஓசிஐ அட்டை இந்தியச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமை இல்லை என்றாலும் அதையும் சொல்லிவிட வேண்டும். பொய்யறியும் கருவிச் சோதனையும் வரலாம். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கலாம், மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றமே. பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் வேலையைப் பற்றி வீட்டில் பேச முடியாது. எங்கே பறந்தான், என்ன கேட்டான் என்று அம்மாவிடமும் சொல்ல முடியாது, பின்னாளில் மனைவியிடமும் சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் அலசும் நம் வீடுகளுக்கு இது லேசான விஷயமில்லை.

பணப் பக்கம் மோசமில்லை. மொழித் தேர்ச்சிக்கு, ஒரு மொழி என்றால் மாதம் 500 டாலர் வரை ஊக்கத்தொகை உண்டு. ஆனால் தேர்வை ஆண்டுதோறும் எழுதித் தக்கவைக்க வேண்டும். மான்டரேயில் அசோசியேட் டிகிரி என்ற இரண்டாண்டுப் பட்டம் கிடைக்கும். 36 மாதம் பணி முடித்தால் ஜிஐ பில் என்ற படைவீரர் கல்வி உதவி வழியாக அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். எனக்குத் தெரிந்தவரை, கூட்டத்தில் கலகலப்பாகப் பேசி எல்லோரையும் கவரும் பிள்ளையைவிட, ஒரே பாட்டை நூறு தடவை கேட்டு ஒவ்வொரு வாத்தியத்தையும் பிரித்துச் சொல்லும் பிள்ளை இதில் நிலைக்கும். அப்படி ஒருவர் வந்தால் நான் தடுப்பதில்லை, தேர்வுக்குத் தயார் செய்யவே உதவுகிறேன்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். ஆள்சேர்ப்பு அதிகாரி வாயால் சொன்னது எதுவும் செல்லாது. ஒப்பந்தத்திலும் அதன் இணைப்பிலும் எழுதியிருப்பது மட்டும்தான் செல்லும் என்று ஒப்பந்தப் படிவமே சொல்கிறது. ‘ஏர் லிங்க்விஸ்ட் கிடைச்சிடும்’ என்ற பேச்சை நம்பி, பொதுப் பிரிவு என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்திட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேலையின் பெயரும் குறியீட்டு எண்ணும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஆண்டோ ஆறு ஆண்டோ, எது எழுதியிருந்தாலும் ரிசர்வ் காலத்தையும் சேர்த்து மொத்தக் கடமை எட்டு ஆண்டு.

பள்ளியில் நடக்கும் இன்னொரு விஷயமும் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ஆள்சேர்ப்பாளர்கள் கேட்டால் பள்ளி தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தர மாட்டோம். பள்ளியில் ஆஸ்வாப் எழுதினால் மதிப்பெண் ஆள்சேர்ப்பாளருக்குப் போகக் கூடாது என்று பள்ளி தேர்ந்தெடுக்க முடியும், அதற்கு ‘ஆப்ஷன் 8’ என்று பெயர். உங்கள் பள்ளி எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கேட்க உரிமை உண்டு.

பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பதினெட்டு ஆகிவிட்டால் வேண்டாம். பெரும்பாலானவர்கள் பள்ளி முடியும் முன்பே தாமதச் சேர்க்கைத் திட்டத்தில் பதிந்துவிட்டு, பல மாதம் கழித்துத்தான் பயிற்சிக்குக் கிளம்புவார்கள். அந்த இடைவெளியில் மனம் மாறினால் விலகலாம். “கையெழுத்துப் போட்டாச்சு, இனி வரலைன்னா கைது பண்ணிடுவாங்க” என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் நாள் வரை, சேர விருப்பமில்லை என்று ஆள்சேர்ப்பு அலுவலகத் தலைமைக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.