'உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள்': எந்த உத்தரவு?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. விசுவாசத்தைப் பற்றி நாமாகப் போய்ப் பேச வேண்டுமா, யாராவது கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? கேட்டால் போதும் என்கிற கட்சி எப்போதும் முதலில் எடுத்து வைப்பது புதிய ஏற்பாட்டிலுள்ள பேதுருவின் முதல் கடிதத்தில் வரும் வசனம், 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்."

சாந்தத்தோடு எப்படி உத்தரவு போடுவது என்று வாலிபர் கூட்டத்தில் யாராவது கேட்டால் சிரிக்க வேண்டாம். கலெக்டர் உத்தரவு, கோர்ட் உத்தரவு, 144 தடை உத்தரவு என்றே கேட்டு வளர்ந்த காதுக்கு வேறெப்படித் தோன்றும்? இந்த வசனத்தில் வரும் உத்தரவுக்குப் பொருள் கட்டளை அல்ல, பதில்.

வேர் சமஸ்கிருத 'உத்தர'. மேலே இருப்பது, பின்னால் வருவது, வடக்கு, மறுமொழி எனப் பல பொருள் அதற்கு. உத்தராயணத்தில் வடக்கு இருக்கிறது. கேள்விக்குப் பின்னால் வருவது பதில் என்பதால் உத்தரம் பதிலுக்கும் பெயரானது. மலையாளத்தில் இன்றும் பரீட்சையில் எழுதுவது உத்தரம், அரசாங்கம் போடுவது உத்தரவு; இரண்டும் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டன. தெலுங்கில் உத்தரம் தபாலில் வரும் கடிதமாகிவிட்டது. தமிழிலோ உருது வழியாக வந்த 'பதில்' வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ள, உத்தரம் பேச்சிலிருந்து வெளியேறியது. உத்தரவு மட்டும் தங்கியது, வேறு வேலைக்கு.

பதில் எப்படிக் கட்டளையாயிற்று என்பது ஊகிக்கக்கூடியதே. கீழே நிற்பவன் விண்ணப்பம் வைக்கிறான், மேலே இருப்பவர் வாய் திறக்கிறார். அந்த மறுமொழி அனுமதியாக இருக்கலாம், ஆணையாக இருக்கலாம். எதுவானாலும் அதுதான் முடிவு. பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்பதில் அனுமதி நிற்கிறது. காங்கேயம் பக்கத்திலுள்ள சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்றொரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவர் கனவில் வந்ததாகச் சொல்லும் பொருளை, சுவாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே அதில் வைப்பார்கள். கேட்டதற்கு வந்த பதிலும் அதுவே, மீற முடியாத கட்டளையும் அதுவே. சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒட்டியிருக்கும் இடம் இப்படி இன்னும் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கிறது.

1871இல் ஹென்றி பவர் பாதிரியார் முன்னின்று முடித்த வேதாகமத்தில், அதாவது சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகள் இன்றும் ஆலயத்தில் வாசிக்கும் அந்த மொழிபெயர்ப்பின் வழக்கில், சொல் இரண்டு பொருளிலும் நடமாடுகிறது. எருசலேமில் தன்னை அடித்துக் கொல்லப் பார்த்த கூட்டத்தோடு பேச ரோமச் சேனாபதியிடம் பவுல் அனுமதி கேட்கிறார். "உத்தரவானபோது" படிகளின்மேல் நின்று கையமர்த்துகிறார் (அப்போஸ்தலர் 21:40). இது அனுமதி. அதே பவுல் தன் விசாரணையைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "நான் முதல்விசை உத்தரவுசொல்ல நிற்கையில் ஒருவனும் என்னோடேகூட இருக்கவில்லை" என்கிறார் (2 தீமோத்தேயு 4:16). இது கோர்ட்டில் நின்று சொல்லும் பதில்.

கிரேக்கத்தில் இந்த இரண்டாவது வகைக்கு 'அப்பொலொகியா' என்று பெயர். குற்றம் சாட்டப்பட்டவன் தன் தரப்பை எடுத்துச் சொல்வது. கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியது இந்த வகைப் பேச்சுதான். ஆங்கிலத்தில் இச்சொல் 'அப்பாலஜி' என்று நழுவி நழுவி மன்னிப்புக் கேட்பதாகிவிட்டது. சாக்ரடீஸ் எந்த மன்னிப்பும் கேட்கவில்லை என்பது ஊரறிந்தது. 1 பேதுருவில் இருப்பதும் இச்சொல்லே. பழைய மொழிபெயர்ப்பாளர்களின் காதை இங்கே பாராட்ட வேண்டும். வெறுமனே 'கேட்கிற' என்று விடாமல் "விசாரித்துக் கேட்கிற" என்று போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதும் விசாரணைதான், பக்கத்து வீட்டு அக்கா நலம் விசாரிப்பதும் விசாரணைதான். பேதுருவின் நிருபத்துக்கு, அதாவது கடிதத்துக்கு, இரண்டும் வேண்டும்.

அந்த நிருபம் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. இன்றைய துருக்கி. கி.பி. 112 வாக்கில் இதே பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிடித்து வரப்பட்டவர்களை 'நீ கிறிஸ்தவனா?' என்று கேட்டேன், ஆமென்றவர்களைத் தண்டனை சொல்லி மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டேன், பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்லக் கொண்டுபோகச் சொன்னேன் என்று எழுதுகிறார். அந்த ஊர்களில் 'கேட்டால் சொல்' என்பது சோம்பலுக்குக் கிடைத்த சலுகையாக இருந்திருக்க முடியாது.

ஆகவே இந்த வசனத்தைக் காட்டி 'கேட்காதவரிடம் பேசாதே' என்று தடை போடுவது செல்லாது. கேட்டால் எப்படிப் பேசுவது என்பதுதான் அதில் இருக்கிறது. கேட்காதபோது என்ன செய்வது என்பதை அது தொடவே இல்லை. அதே நிருபம் 2:9இல், இருளிலிருந்து வரவழைத்தவருடைய "புண்ணியங்களை அறிவிக்கும்படிக்கு" நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டீர்கள் என்கிறது. 3:1இல் அவிசுவாசியான கணவனை மனைவி "போதனையின்றி" நடக்கையாலேயே ஆதாயப்படுத்தலாம் என்கிறது. இரண்டு கட்சிக்கும் ஒரே கடிதத்தில் தீனி இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அறிவித்தலும் உத்தரவு சொல்லுதலும் இரண்டு வேலைகள்; நம் சபைகள் இரண்டையும் 'ஊழியம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டன. பிரசங்கி என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் 'கேருக்ஸ்' என்று இருக்கும். அரசனின் செய்தியை ஊருக்குக் கூவிச் சொல்பவன், நம்மூர் தண்டோராக்காரன். யாராவது கேட்கட்டும் என்று தண்டோராக்காரன் காத்திருக்க மாட்டான். அதே சமயம், ஊரில் எல்லோரும் தண்டோரா போடுவதும் இல்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது இந்தக் கோட்டைத் தெளிவாகவே கிழிக்கிறார். தனக்காக ஜெபிக்கச் சொல்லுமிடத்தில், வசனம் செல்ல வாசல் திறக்கப்பட வேண்டும், நான் பேச வேண்டியபடி பேச வேண்டும் என்கிறார். சபையாருக்கு வரும்போது, "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவுசொல்லவேண்டுமென்று நீங்கள் அறியும்படிக்கு, உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபைபொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக" (4:6). இங்கே கிரேக்கத்தில் இருப்பது சாதாரணமாகப் பதில் சொல்வதைக் குறிக்கும் வேறு வினை. தமிழில் அதே உத்தரவு. கோர்ட் வாசனை இல்லை, உப்பு இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது 'அவனவனுக்கு' என்ற சொல். சுவிசேஷம் அச்சடித்த ஒரே கைப்பிரதியை, அதாவது துண்டுத்தாளை, ரயில் பெட்டி முழுக்க ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு போகிறவரால் இதைச் செய்ய முடியாது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் தவிர மற்றவர்கள் சிதறினார்கள். அந்தச் சிதறியவர்கள்தான் "எங்குந்திரிந்து, சுவிசேஷ வசனத்தைப் பிரசங்கித்தார்கள்" (அப்போஸ்தலர் 8:4). அறிவிப்பது குருப்பட்டம் பெற்றவர் வேலை, சாதாரண விசுவாசிக்கு அல்ல என்று இழுத்து மூடவும் முடியாது என்பதற்கு இது போதும்.

இந்த இரட்டை வழியை ஏட்டில் எழுதி வைத்தவர்களில் அசிசியின் பிரான்சிஸ் முக்கியமானவர். 1219இல் சிலுவைப்போர் நடக்கும்போதே எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தவர். 1221இல் தம் சகோதரர்களுக்கு வகுத்த விதிகளில், இஸ்லாமியர் நடுவே வாழப் போகிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, வாதம் சண்டை எதுவும் இல்லாமல், எல்லாருக்கும் கீழ்ப்பட்டு இருந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்வது. மற்றது, கடவுளுக்குப் பிரியம் என்று கண்டால் வார்த்தையை அறிவிப்பது. 'எப்போதும் நற்செய்தி அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தையால்' என்று அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அவருடைய எழுத்துகளில் இல்லை.

நான் எந்தக் கட்சி என்றால், கூவுவதற்கு அழைக்கப்பட்டவர் கூவட்டும். ஆனால் கேள்வியே எழாதபடி வாழ்ந்துவிட்டு 'கேட்டால் சொல்வேன்' என்று உட்கார்ந்திருப்பது உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருப்பதாகாது. பெரியாஸ்பத்திரி வார்டில் ஞாயிறு மத்தியானம் ரொட்டிப் பொட்டலத்தோடு வரும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பொட்டலத்தோடு கைப்பிரதியையும் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார்கள். ஒருவர் இரண்டு பேருக்குச் சோறு ஊட்டிவிட்டு, மூத்திரப்பையை நர்ஸிடம் சொல்லி மாற்ற வைத்துவிட்டுப் போவார். இவரைத்தான் பக்கத்துக் கட்டில் ஆச்சி பிடித்துக் கேட்பார்: "ஏம்மா, வாரா வாரம் வாரியே, இங்க உனக்கு யாரு இருக்கா?" வசனம் இந்தக் கேள்விக்கு எழுதப்பட்டது. இந்தக் கேள்விக்கு மழுப்பிவிட்டு வருவதும் தவறு, படுத்துக் கிடக்கும் நோயாளியைப் பதில் சொல்ல முடியாத இடத்தில் பிடித்து வைத்துப் பேசுவதும் தவறு. சாந்தமும் வணக்கமும் கூடவே கேட்கப்படுவது அதனால்தான்.

இனி, உத்தரவுக்கு ஈடாக இன்று எந்தத் தமிழ்ச் சொல்லை வைக்கலாம்? 'பதில்' எல்லார்க்கும் புரியும், ஆனால் மொட்டையாக நிற்கிறது. 'மறுமொழி' நல்ல தமிழ், பேச்சில் இல்லை. 'தற்காப்பு வாதம்' என்று இறையியல் வகுப்புகளில் சொல்கிறார்கள், அது கேட்டதுமே கை முஷ்டி மடக்க வைக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளிக்கொண்டுவந்த திருவிவிலியம், "யாராவது விளக்கம் கேட்டால் விடை அளிக்க" என்று போட்டிருக்கிறது. அதில் 'விடை' எனக்குப் பரீட்சைத் தாளை நினைவூட்டுகிறது. 'விளக்கம்' சரியாக விழுந்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் மெமோ வந்தால் 'விளக்கம் கேட்டிருக்காங்க' என்பார்கள், புரியாத பாடத்துக்குப் பிள்ளை வந்து கேட்பதும் விளக்கம்தான். பிளினியின் கேள்வியும் ஆச்சியின் கேள்வியும் அதற்குள் அடங்கும். 'விளக்கம் சொல்ல ஆயத்தமாயிருங்கள்' என்று நான் வாசிப்பேன். ஆலயத்தில் வாசகம் படிக்கிறவர்கள் பழைய மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டியதில்லை. உத்தரவு என்று படித்துவிட்டு, பதில் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும்.