டோபி கடை டிரையரில் நெருப்பு பற்றியதும் அணைகிறதா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில் துணி காயப் பலரும் நம்புவது டோபி கடையின் (சலவைக் கடையின்) கேஸ் டிரையரைத்தான். டிரம் சுற்றும், காற்றும் வரும், சூடு மட்டும் வராது. உடனே, “சென்சார் போச்சு, புதுசு மாத்துங்க” என்பார்கள். பர்னரில் நெருப்பு எரிகிறதா என்று உணரும் கம்பிதான் இந்தச் சென்சார். அவசரப்பட வேண்டாம். பல நேரம் சென்சார் கெட்டிருக்காது; அழுக்குதான் பிடித்திருக்கும். இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பர்னரைக் கவனியுங்கள். பொறியே வரவில்லை என்றால் சென்சாரை விட்டுவிடலாம். பஞ்சுத் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால், காற்றோட்டத்தை உணரும் காற்று சுவிட்ச் மின் இணைப்பைத் தராது. கன்ட்ரோல் பெட்டியும் பொறி விடாது. வடிகட்டியையும் புகைக்குழாயையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

பொறி வந்தும் நெருப்பு பற்றவில்லை என்றால் கேஸ் பக்கம் பாருங்கள். பல டிரையர்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) வெளிப்புறம் வியர்த்து, சில நேரம் பனியே படியும். திரவ கேஸ் ஆவியாவதற்குத் தேவையான சூட்டைத் தோம்பிலிருந்தே இழுப்பதால் தோம்பு குளிர்ந்து, அழுத்தம் இறங்குகிறது. காலையில் ஒழுங்காக எரிந்த டிரையர் கூட்ட நேரத்தில் மட்டும் தகராறு செய்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது கூடுதல் தோம்பு இணைப்பு, சென்சார் அல்ல.

நெருப்பு பற்றிச் சில வினாடிகளில் அணைந்தால் மட்டுமே சென்சார் பக்கம் திரும்புங்கள். கன்ட்ரோல் பெட்டி சென்சார் கம்பிக்கு மாறுமின்னழுத்தம் தருகிறது. நெருப்பு வழியாக மின்சாரம் ஒரு திசையில் அதிகமாகப் பாய்ந்து, பர்னரின் உடல் வழியாக எர்த்துக்குத் திரும்பும். அளவு சில மைக்ரோ ஆம்பியர்தான். அதைக் காணாவிட்டால் கன்ட்ரோல் பெட்டி நெருப்பே இல்லை என்று முடிவெடுத்து கேஸ் வால்வை மூடிவிடும். பல மாடல்கள் மூன்று முறை முயன்று பூட்டிக்கொள்ளும், அதாவது ரீசெட் செய்யும்வரை மீண்டும் முயலாது.

டோபி கடைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சில துணி மென்மையாக்கிகளில் சிலிகோன் இருக்கிறது. அதன் ஆவி பர்னர் காற்றோடு போய் எரிந்து, கம்பியில் மெல்லிய வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பார்வைக்குச் சாம்பல் பூசினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

மின்சாரத்தை நிறுத்தி, கேஸ் வால்வை மூடி, பர்னர் ஆறியபின் கம்பியைக் கழற்றுங்கள். மெல்லிய எஃகு நாரால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். கீறல்களில் படலம் இன்னும் வேகமாகப் பிடிக்கும். கம்பியைப் பிடித்திருக்கும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள், அதன் வழியே மின்சாரம் கசியும். திரும்பப் பொருத்தும்போது கம்பியை வளைக்காதீர்கள். நுனி நெருப்புக்குள் நிற்க வேண்டும்.

சுத்தம் செய்தும் அணைகிறதா? எர்த்தைப் பாருங்கள். பர்னரைப் பிடிக்கும் திருகு துருப்பிடித்திருந்தாலும், மஞ்சள்-பச்சை வயர் தளர்ந்திருந்தாலும் மின்சாரம் திரும்ப வழியில்லை. பிளக்கில் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில கன்ட்ரோல் பெட்டிகள் நெருப்பை அறியாது. மைக்ரோ ஆம்பியர் மீட்டர் இருந்தால் சென்சார் வயரோடு தொடராக இணைத்து அளந்து, கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். பொறி விடவும் நெருப்பை உணரவும் ஒரே கம்பி உள்ள மாடலில் அந்த வயரில் மீட்டரை வைக்கவே கூடாது. பொறியின் உயர் மின்னழுத்தம் மீட்டரைக் கெடுத்துவிடும். அங்கே அளவை எர்த் பக்கம்தான் எடுக்க வேண்டும்.

கடையைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பூட்டிக்கொண்ட டிரையரைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்வதும், மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவதும் ஆபத்து. ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத கேஸ் சில வினாடிகள் உள்ளே சேரும். அடுத்த பொறியில் எல்லாம் சேர்ந்து பற்றி வெடிக்கலாம். ஒரு முறை ரீசெட் செய்தும் எரியவில்லை என்றால் அந்த டிரையரின் வால்வை மூடி, பழுது என்று தாள் ஒட்டிவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் தோம்பை மூடி, கதவுகளைத் திறந்து, ஆட்களை வெளியேற்றுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். குழாய், ரெகுலேட்டர், வால்வு வேலைகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் தொழில்நுட்பர்தான் செய்ய வேண்டும்.