ட்ரவுட் மீனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அணையை இயக்குபவர்கள் மீன் ஆய்வாளர்களிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான். மீன் பிழைக்க வினாடிக்கு எத்தனை கன அடி விட வேண்டும்? அதைச் சொல்லிவிட்டால் மதகை அந்த அளவுக்குத் திறந்து வைத்துவிடலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ட்ரவுட் ஒவ்வொரு வயதிலும் வெவ்வேறு தண்ணீரைக் கேட்கும் மீன். முட்டைக்கு வேண்டியது குஞ்சுக்கு ஆகாது, குஞ்சுக்கு ஏற்றது பெரிய மீனுக்குப் போதாது.

முட்டையிலிருந்து வருவோம். பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், வானவில் ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்தில். ஆழமான மடு முடிந்து, தண்ணீர் மேடேறி வேகமெடுக்கும் இடமாகப் பார்த்துப் பெண் மீன் வருகிறது. பக்கவாட்டில் சாய்ந்து வாலைப் படபடவென அடிக்கிறது. அதில் சரளைக் கற்கள் கிளம்பிச் சற்றுக் கீழே போய் விழுகின்றன, கூடவே இருந்த வண்டலை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இப்படி உண்டான குழியில் முட்டையிட்டதும், அதற்குச் சற்று மேலே மறுபடி தோண்டும். அந்தக் கற்கள் வந்து முட்டைகளை மூடிவிடும்.

வேலை முடிந்ததும் மேல்பக்கம் ஒரு பள்ளம், கீழ்ப்பக்கம் ஒரு சிறு மேடு. பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும் இந்த வடிவம்தான் முட்டைகளைக் காப்பாற்றுகிறது. ஓடிவரும் தண்ணீர் மேட்டில் மோதும் இடத்தில் அழுத்தம் கூடும், மேட்டைத் தாண்டியதும் குறையும். அந்த வித்தியாசத்தால் கொஞ்சம் தண்ணீர் கற்களுக்கு இடையே புகுந்து, முட்டைகளைத் தொட்டுக்கொண்டு, மறுபக்கம் வெளியேறுகிறது. முட்டைக்கு ஆக்சிஜன் வருவதும், அதன் கழிவு போவதும் இந்த வழியில்தான். மோட்டார் இல்லாத பம்பு என்று சொல்லலாம்.

ஓட்டம் மிகவும் குறைந்தால் இந்தப் பம்பு மந்தமாகிவிடும். வண்டல் படிந்து கற்களின் இடுக்குகள் அடைபடும், முட்டை மூச்சுத் திணறிச் சாகும். பெருவெள்ளம் வந்தாலோ சரளையே பெயர்ந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் சுவையாகப் படும் சிக்கல் ஒன்று உண்டு. முட்டையிடும் நேரத்தில் தண்ணீர் தாராளமாக இருந்தால் நல்லது என்றுதானே நினைப்போம்? அப்போது வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் ஓரச் சரளையிலும் தண்ணீர் ஓடும், மீன் அங்கேயும் போய் முட்டையிடும். பிறகு ஓட்டம் குறைந்ததும் அந்தக் குழிகள் வெளியே வந்துவிடும். பழுப்பு ட்ரவுட்டின் முட்டை 10 டிகிரி குளிரில் பொரிக்க ஏறத்தாழ 40 நாள் ஆகும். 5 டிகிரியில் அது இரட்டிப்பாகும். ஆக, முட்டையிட்ட நாளில் இருந்த மட்டத்தைக் குளிர்காலம் முழுக்க ஓரளவு காப்பாற்ற வேண்டியிருக்கிறது. முட்டையாக இருக்கும்வரை கற்கள் ஈரமாக இருந்தாலே சில நாள் தாங்கும். பொரித்தபின் அந்தச் சலுகை இல்லை. செவுளால் மூச்சுவிடத் தொடங்கிவிட்ட குஞ்சுக்குத் தண்ணீரே வேண்டும்.

வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு சில வாரம் கற்களுக்குள்ளேயே கிடந்துவிட்டு, அது தீரும் தறுவாயில் குஞ்சுகள் மேலே வருகின்றன. இரண்டரை சென்டிமீட்டர் நீளம்கூட நிச்சயமில்லை. நடு ஆற்றின் வேகம் இவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கணுக்கால் அளவுத் தண்ணீர், கல், வேர், புல் என்று கரையோரமாக ஒதுங்குகின்றன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிளாக் புரோஸ் பெக் என்ற சிற்றோடையில் எலியட் என்ற ஆய்வாளர் 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ட்ரவுட்டை எண்ணிவந்தார். குஞ்சுகள் பெருமளவில் சாவது மேலே வந்த முதல் சில வாரங்களில்தான் என்று அவர் கண்டார். ஆளுக்கோர் இடம் பிடிக்கும் போட்டி அப்போதுதான் நடக்கிறது. இடம் கிடைக்காதது பட்டினி கிடந்து சாகும், அல்லது கீழே அடித்துப் போகும்.

பெரிய மீனின் கணக்கு வேறு. ஓட்டத்தில் மிதந்துவரும் பூச்சிதான் அதன் சாப்பாடு. வேகமான தண்ணீரில் பூச்சி அதிகம் வரும், ஆனால் அங்கேயே நீந்திக்கொண்டிருந்தால் தின்றதைவிடச் செலவு அதிகமாகிவிடும். எனவே ஒரு பாறையின் மறைவில், மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்து வேக ஓட்டத்தை வேடிக்கை பார்க்கிறது. பூச்சி வந்ததும் ஒரு பாய்ச்சல், அப்புறம் பழைய இடம். கோடையில் தண்ணீர் குறைந்தால் இந்த ஓட்டமும் போகும், சூடும் ஏறும். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய தண்ணீர், 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான் வைத்திருக்கும். பழுப்பு ட்ரவுட் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இரை எடுப்பதையே நிறுத்திவிடும்.

ஓட்டத்தின் அளவை முடிவு செய்ய 1976இல் அமெரிக்க மீன் ஆய்வாளர் டெனன்ட் ஒரு எளிய வழி சொன்னார். ஆண்டு சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன்கள் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், 30 சதவீதம் இருந்தால் நன்றாக வாழும். பின்னர் வந்த கணினி முறைகள் ஆற்றின் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, எந்த ஓட்டத்தில் எந்த வயது மீனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று வரைபடம் போட்டன. குஞ்சின் கோடும் பெரிய மீனின் கோடும் பெரும்பாலும் ஒரே இடத்தில் உச்சம் தொடுவதில்லை. அதனால் மாதத்துக்கு மாதம், அப்போது எந்த வயது மீனுக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்து அளவை மாற்றுவதுதான் உருப்படியான வழி என்று நினைக்கிறேன்.

அளவு மட்டுமல்ல, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் முக்கியம். 2021 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெப்கன் அணையில் மதகின் பாகம் ஒன்று உடைந்து, மேடிசன் ஆற்றில் தண்ணீர் திடீரென வெகுவாகக் குறைந்தது. சரிசெய்யக் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆனது. பழுப்பு ட்ரவுட் முட்டையிடும் பருவம் அது. ஊர் மக்கள் திரண்டு வந்து, ஓரக் கால்வாய்களில் சிக்கிய மீன்களை அள்ளி ஆற்றின் நடு ஓட்டத்தில் விட்டார்கள். வெளியே தெரிந்த சரளைக் குழிகளில் இருந்த முட்டைகளை அப்படி அள்ள வழியில்லை.