‘தப்பு பண்ணிவிடாதே’ என்றால் மூளை என்ன செய்கிறது?

டென்னிஸில் முதல் சர்வ் வலையில் விழுந்துவிட்டது. இரண்டாவது சர்வுக்காகப் பந்தைத் தரையில் தட்டும்போது உள்ளுக்குள் ஒரு குரல்: ‘டபுள் ஃபால்ட் மட்டும் ஆகிவிடக் கூடாது.’ (இரண்டு சர்வும் தவறினால் புள்ளி எதிராளிக்கு.) வார இறுதியில் ஆடும் எவருக்கும் இந்தக் குரல் பழக்கம்தான். அடுத்த பந்து பெரும்பாலும் எங்கே போகும் என்பதும் தெரியும்.

இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சிக்கலின் பெரும்பகுதி, அந்த எண்ணத்தை அடக்க நாம் எடுக்கும் முயற்சியில்தான் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றதும், தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. வெக்னரின் விளக்கப்படி, ஓர் எண்ணத்தை அடக்கும்போது மனதில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, வேறு விஷயத்தைத் தேடிப் பிடிப்பது. இதற்கு உழைப்பு வேண்டும். இன்னொன்று, அந்த எண்ணம் எட்டிப் பார்க்கிறதா என்று காவலாளி போலக் கண்காணிப்பது. இது தானாக நடக்கும். களைப்பும் பதற்றமும் கூடும்போது முதல் வேலை தளர்ந்துபோகிறது. காவலாளி மட்டும் விழித்திருக்கிறான், தேடுவதையே மீண்டும் மீண்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

விளையாட்டிலும் இதைச் சோதித்தார்கள். கோல்ஃப் பந்தைக் குழியைத் தாண்டி அடித்துவிட வேண்டாம் என்று சொல்லி, கூடவே ஓர் எண்ணையும் மனதில் வைத்திருக்கச் சொன்னபோது, பந்து குழியைத் தாண்டிப் போவது அதிகமானது. எதைச் செய்யாதே என்றார்களோ அதுவே நடந்தது.

அப்படியானால் ‘நேர்மறையாக நினை’ என்ற அறிவுரை உதவுமா? பெரிதாக உதவாது என்பதே என் எண்ணம். அது எந்தப் பந்தை, எங்கே, எப்படி அடிப்பது என்று சொல்வதில்லை. காலியாகும் இடத்தில் வைக்க உருப்படியான ஒன்று வேண்டும். ‘வெளியே அடிக்காதே’ என்பதற்குப் பதில் ‘உயரமாகத் தூக்கு’. சர்வுக்கு இப்படி இரண்டு சொற்களே போதும். செய்ய வேண்டியதைச் சொல்லும் சொற்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்பதில் கவனம் தேவை. உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கால்பந்து வீரர்கள் பந்தை நகர்த்தும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனித்தார்கள், ஆட்டம் மந்தமானது. புதியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கைவந்த அசைவைத் துண்டு துண்டாகக் கவனித்தால் அது குலைந்துவிடுகிறது. ஆகவே சில ஆண்டுகளாக ஆடுகிறவர், மணிக்கட்டைப் பற்றி யோசிக்காமல் பந்து போய் விழ வேண்டிய இடத்தைப் பார்ப்பது நல்லது. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவர் அசைவைக் கவனிக்கலாம்.

சரி, சூடான நேரத்தில் இந்தச் சொல் நினைவுக்கு வர வேண்டுமே? இங்கே உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்’ என்ற வகைத் திட்டம் கைகொடுக்கும். ‘ஒரு புள்ளியை இழந்தால், திரும்பி நின்று ஒரு நீண்ட மூச்சு விட்டு, “உயரமாகத் தூக்கு” என்பேன்.’ சூழலும் செயலும் முன்பே முடிச்சுப் போடப்பட்டிருப்பதால், அந்த நொடியில் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. மட்டையை உடைக்கிற கோபத்துக்கும் இதே முறை பொருந்தும்.

நீண்ட தூரம் ஓடுவோர், சைக்கிள் மிதிப்போர் கதை கொஞ்சம் வேறு. அங்கே வரும் எண்ணம் ‘இனி முடியாது’. விளையாட்டு அறிவியலாளர் சாமுவேல் மார்கோரா பங்கேற்று 2014-இல் வெளியான ஆய்வில், 24 பேரில் ஒரு பகுதியினர் தமக்குப் பொருந்தும் ஊக்கச் சொற்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகினார்கள். சைக்கிளில் அவர்கள் தளர்ந்து நிறுத்தும்வரை தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. அதே வேகத்தில் மிதித்தும் உழைப்பு குறைவாகத் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் முயன்று பார்க்கச் செலவே இல்லை.

‘கடைசியில் நான் எப்போதுமே சொதப்புவேன்’ என்பது போன்ற பெரிய தீர்ப்புகளை மட்டும் ஆட்டத்துக்கு நடுவே விசாரிக்க வேண்டாம். அதற்கு அங்கே நேரமும் இல்லை, மூளையில் இடமும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் எழுதிப் பாருங்கள். எப்போதுமேயா? கடைசி ஐந்து ஆட்டங்களில் என்ன நடந்தது? மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் வளர்த்த சிகிச்சை முறையின் அடிப்படையே, தானாக எழும் எண்ணத்தைச் சான்றோடு ஒப்பிடுவதுதான். தொழில்முறை வீரருக்கு இதைக் கேட்க ஒரு பயிற்சியாளர் இருப்பார். நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

இதையெல்லாம் போட்டி நாளில் தொடங்காதீர்கள். பயிற்சியின் இறுதியில், கால் தளர்ந்திருக்கும்போது, 9–10 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு ஆடி, அந்த இரண்டு சொற்களைச் சொல்லிப் பழகுங்கள்.